முளை அடிக்க முடியாத இடம்

அன்பு மகள் ரேவதிக்கு,

நீயும் மாப்பிள்ளை மஞ்சுவும் சாமராஜநகரில் நல்லபடியாகக் குடியேறிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம்கூடப் போனில் பேசினோம். ஆனால் போனை எடுத்தால் "சாப்டியா கண்ணு" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. நீ "ஆச்சுங்கப்பா" என்பாய். அப்புறம் அங்கே மழையா, இங்கே மழையா என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். சொல்ல நினைத்ததெல்லாம் அப்படியே மிச்சமாகிவிடும். அதனால்தான் இன்று கடையைப் பசவனிடம் விட்டுவிட்டுக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மகாராசா கடுதாசி எழுதறாரு, யாரும் சத்தம் போட்றாதீங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். சொல்லட்டும், எனக்கென்ன.

கல்யாணமாகிப் போன மகளுக்கு அப்பன் எழுதினால் அதில் புத்திமதி இருக்க வேண்டும் என்பது உலக வழக்கம். நானும் மாமியாரிடம் இப்படி நட, மாப்பிள்ளையிடம் அப்படிப் பேசு என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. தன் கல்யாணத்தைத் தானே யோசித்து, தானே இடம் தேடி, இரண்டு வீட்டு ஜனத்தையும் ஒரு பாறைமேல் கொண்டுவந்து உட்காரவைத்தவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது? கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நீ மணையில் இருந்தாய். நான் இருந்த இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பது உனக்குத் தெரியாது.

என் பிழைப்பு உனக்கு மனப்பாடம். கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து, இன்னொருவர் ஷாமியானாக் கடையில் குழாய் தூக்கி, பிறகு நானே கடை வைத்தேன். பந்தல் துணி, இரும்புக் குழாய், நாற்காலி, சமையல் பாத்திரம், மைக் செட், ஜெனரேட்டர் என்று ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாம் நம் கடையில் உண்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் தவிர. அப்படிப்பட்டவன் மகள் கல்யாணம் என்றால் தெரு சும்மா இருக்குமா? பூக்காரரிலிருந்து பால்காரர் வரைக்கும், "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ரோட்டையே மூடிருவீங்க" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் அந்தப் பந்தலைக் கட்டிக் கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருள் புதுத் துணியை யாருக்கும் வாடகைக்கு விடாமல் பரண்மேல் போட்டு வைத்திருந்ததுகூட அதற்காகத்தான்.

நீயும் மஞ்சுவும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து என் எதிரில் உட்கார்ந்தீர்கள். மஞ்சுவை எனக்கு முதலிலேயே பிடித்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார், கன்னடக்காரப் பையன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறவன், பிடிக்காமல் என்ன. பிடிக்காமல் போனது அதற்கப்புறம் நீ சொன்ன விஷயம்தான்.

"மண்டபம் வேணாமுங்கப்பா. கோயில்லயும் வேணாம்" என்றாய்.

"அதனால என்ன கண்ணு, ஊட்டு முன்னாலயே பந்தலப் போட்டுருவோம்" என்றேன். மனசு குளிர்ந்துதான் சொன்னேன்.

"பந்தலும் வேணாமுங்கப்பா."

சமையலறையில் உன் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. நான் மஞ்சுவைப் பார்த்தேன். "ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்று கேட்டேன். அவன் பாவம், பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும், "இல்லா மாவா, நம்ம கல்லுக் குவாரி இருக்கல்லா, நாடக ப்ராக்டீஸ் பண்ற இடம், அங்கேயே பண்ணலாம்னு" என்றான். கல் வெட்டுவதை நிறுத்திப் பல வருஷமான ஒரு குவாரி, நஞ்சன்கூடு ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும், உங்கள் நாடகக் குழுவில் ஒருவருடைய குடும்பத்து நிலம், அவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று நீ விளக்கிக்கொண்டே போனாய். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஆவணி மாசத்தில், திறந்தவெளியில், பாறைக்குழியில், ஷாமியானாக்காரன் மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. "கோவம் மக மேல, பட்டினி போடறது வயித்தையா?" என்றாள் உன் அம்மா.

அடுத்த வாரம் நீ என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாய். நான் குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன், அதை மறைக்க மாட்டேன். குறை கிடைக்கவும் செய்தது. மூன்று பக்கமும் பாறைச் சுவர். வெட்டிய இடமெல்லாம் படிபடியாக நிற்கிறது. மூலையில் கொஞ்சம் தண்ணீர். தரை முழுக்க ஒரே கல், மண் என்ற பேச்சே இல்லை. பழக்கதோஷம், கையோடு கடப்பாரை கொண்டுவந்திருந்தேன். ஓர் இடத்தில் ஓங்கிக் குத்தினேன். தீப்பொறி பறந்தது, முழங்கை வரைக்கும் மரத்துப்போனது. "இங்க ஒரு முளைகூட அடிக்க முடியாது கண்ணு" என்றேன், கேஸ் முடிந்துபோன மாதிரி. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எதற்கு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

பிறகு என்னை மேலே கடைசிப் படியில் நிற்கச் சொல்லிவிட்டு நீ கீழே இறங்கினாய். தரையின் நடுவில் நின்று, கத்தாமல், வீட்டில் பேசுகிற குரலில், "அப்பா, நான் பேசறது கேக்குதுங்களா?" என்றாய். எனக்குப் பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். மைக் செட்டை வாடகைக்கு விடுகிறவன் நான். ஸ்பீக்கரைக் கட்டி ஊரையே எழுப்பியிருக்கிறேன், ஆனால் எந்தக் கல்யாணத்திலும் ஒரு மனுஷ வார்த்தை இத்தனை தெளிவாகக் கேட்டதில்லை. அப்போதே எனக்குள் ஏதோ அசைந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "கேக்குது, கேக்குது, ஏறி வா, வெய்யில்" என்றேன்.

உன் சின்னசாமி மாமா கௌதள்ளியிலிருந்து வந்த அன்றுதான், மஞ்சு வீட்டாரும் கூட இருக்கும்போது, நிஜமான சண்டை. தாய்மாமன் இல்லாமல் நம் ஜனத்தில் கல்யாணம் நகராது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். குவாரியா, சரி. மைக் இல்லையா, சரி. ஐயர் இல்லாமல் நீங்களே வாக்குச் சொல்லிக்கொள்வீர்களா, அதுவும் சரி. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முகூர்த்தக்கால எங்க ஊனுவீங்க?"

பால் மரத்துக் கிளையை வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பால் ஊற்றி மண்ணில் ஊன்றினால்தான் நமக்குக் கல்யாணம் தொடங்கியதாக அர்த்தம். மஞ்சுவின் வீட்டிலும் அதே வழக்கம்தான் என்று அவனுடைய அம்மா சொன்னார்கள். நான் வேகமாக என் வித்தையைச் சொன்னேன். சிமெண்டுத் தரை மண்டபங்களில் நாங்கள் செய்வதுதான், ஒரு தகர டின்னில் மணலைக் கொட்டி அதில் காலை நிறுத்திவிடுவது. மாமா கையை உதறினார். "டின்னுல நிக்கறது கொடிக்கம்பமுங்க மச்சான், முகூர்த்தக்கால் இல்ல. மண்ணுல ஊனோணும். கால் உழுந்துச்சுன்னா கல்யாணமே உழுந்த மாதிரி. நாஞ் சொல்றதச் சொல்லிட்டன்." அவர் இல்லை என்றால் உன் அம்மா வர மாட்டாள், உன் அம்மா வராத இடத்தில் நான் எப்படி நிற்பேன்? என் கணக்கில் குவாரிக் கல்யாணம் அங்கேயே முடிந்தது.

நீ மாமாவின் எதிரில் போய் உட்கார்ந்தாய். அப்புறம் கேட்டாய். "மாமா, மண்ணுல எதுக்கு ஊனறது? உழுகாம நிக்கத்தானுங்க?"

"அப்பறம் வேறெதுக்கு அம்முணி?"

"அப்ப நாங்க புடிச்சுக்கறோம். காலைல பால் ஊத்துனதுல இருந்து தாலி கட்டற வரைக்கும் கைலயே புடிச்சு நிறுத்தறோம். ஆள் மாத்தி ஆள். ஒரு தடவ அது சாஞ்சு பாறையத் தொட்டாலும் கல்யாணத்த நிறுத்தீருங்க. நான் எந்திரிச்சு வந்துர்றேன்."

மஞ்சுவின் முகத்தைப் பார்த்தேன், அவன் வெளுத்துப்போய் இருந்தான், ஆனால் தலையாட்டினான். மாமா உன்னையே உற்றுப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, "மொதத் தடவ புடிக்கறது நாந்தான்" என்றார். இதை எப்படி யோசித்தாய்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இத்தனை வருஷமாக ஊரெல்லாம் கால் நட்டுக்கொண்டிருக்கிறேன். மண் இல்லாவிட்டால் மனுஷக் கை போதும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதன் பிறகு நீ வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை லேபில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து வீடு வீடாகப் போனாய். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "கால் புடிக்க வருவீங்களா?" என்று கேட்டாய். நம் பக்கம் ஒருவர், அவர்கள் பக்கம் ஒருவர் என்று ஜோடி போட்டாய். பெயர்கூடத் தெரியாத இரண்டு பேர் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் பேசாமல் எப்படி இருப்பார்கள்? அழைப்பிதழில், ஆளுக்கொரு குடையும் வீட்டுக்கொரு சமையலும் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டு, "நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்குச் சனம் கட்டுச்சோத்தோட வரோணுமா?" என்று குதித்தேன். நீ சட்டை செய்யவில்லை. தண்ணீர் இருந்த மூலையைக் கயிறு கட்டி மறித்தாய். வயசானவர்கள் இறங்க எந்தப் படி தோது என்று நீயே கண்ணை மூடிக்கொண்டு இறங்கிப் பார்த்தாய். வெறும் பாறையில் உட்கார்ந்தால் குளிரும் என்று பழைய சாக்குகளைத் துவைத்துக் காயவைத்தாய். கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிற எனக்குக்கூட இத்தனை நினைப்பு இருந்ததில்லை.

எனக்கு மட்டும் எந்த வேலையும் தரவில்லை. நாற்காலி என்றேன், வேண்டாம் என்றாய். பாத்திரம் என்றேன், வேண்டாம். கயிறாவது கட்டுகிறேன் என்றேன். அப்போதுதான் கேட்டாய். "அப்பா, இத்தன வருசத்துல எத்தன தாலி கட்டுனதப் பாத்திருக்கீங்க?" இது என்ன கேள்வி என்று விரல் விட்டு எண்ணப் பார்த்தேன், ஒரு விரல்கூட மடங்கவில்லை. கெட்டிமேளம் கொட்டும்போது பந்தல்காரன் எங்கே இருப்பான்? சாப்பாட்டுப் பந்தியில் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பான், இல்லை ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்பான். மேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி ஏறியது எங்களுக்குத் தெரியும். சரி, என் கல்யாணத்தையாவது பார்த்தேனே என்று சொல்ல வந்தேன். உன் அம்மா விடவில்லை. "எங்கீங்க பாத்தீங்க? எங்கழுத்துல கட்டறப்ப மேல ஒரு முடிச்சு தளந்திருக்குதுன்னு பந்தலப் பாத்துட்டு நின்னீங்க. உங்கக்கா குட்டுன பொறகுதான் குனிஞ்சீங்க." நீ சிரிக்கவில்லை. "அன்னிக்கு நீங்க எதையும் தூக்கக் கூடாது, எதையும் கட்டக் கூடாது. உக்காந்து பாக்கோணும். அவ்வளவுதான் உங்க வேல" என்றாய். எனக்குக் கொடுத்த வேலையிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று நீ தெரிந்துதான் கொடுத்தாய்.

ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டுவிட்டு முந்தின நாளே லாரியில் பந்தலை ஏற்றிவிட்டேன். துணி, குழாய், தரையில் ஊன்றாமல் நிறுத்துவதற்கு மணல் மூட்டை, எல்லாம். ஆவணி மழையை நம்பலாமா? குவாரிக்குத் திரும்புகிற வளைவில் புதருக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னேன். பசவன் மறைத்துத்தான் நிறுத்தினான். ஆனால் லாரி நெற்றியில் நம் கடைப் பெயரை மஞ்சள் பெயிண்டில் எத்தனை பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

மறுநாள் அதைப் பார்த்துவிட்டுக் கல்யாணப் புடவையோடு நீயே நேராக என்னிடம் வந்தாய். "ஏனப்பா இது?" என்றாய், என்னப்பா இது என்பதைக் கன்னடத்தில். உனக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும், பயம் வந்தால் தமிழ் வரும், சின்ன வயசிலிருந்து அப்படித்தான். நான் திருதிருவென்று விழித்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்புறம்தான் சொன்னாய், இந்தக் குவாரிக்கு முன்னால் தென்னந்தோப்பு ஒன்று பார்த்தீர்களாம், ஏரிக்கரை ஒன்று பார்த்தீர்களாம். இரண்டுமே இதைவிட அழகாம். "அங்கெல்லாம் மண்ணு இருந்துச்சுங்கப்பா. மண்ணு இருந்தா நீங்க எப்படியும் ஒரு கால நட்டுருவீங்க. அதுதான் முளை அடிக்க முடியாத எடமாத் தேடுனோம்."

அம்மணி, அந்த வார்த்தையைக் கேட்டு நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. ஓர் அப்பனை உட்காரவைப்பதற்காகப் பாறையைத் தேடிப் போகிற மகள் யாருக்குக் கிடைப்பாள்? எனக்குக் கிடைத்திருக்கிறாள். நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று தெரியவில்லை. போய் முதல் படியில் உட்கார்ந்தேன்.

மாமா பால் ஊற்றினார், காலை நிமிர்த்தினார், சொன்னபடி முதலில் அவரே பிடித்தார். எதிர்ப்பக்கம் மஞ்சுவின் சித்தப்பா. ஆள் மாறிக்கொண்டே இருந்தது. கை மாறும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நின்றது. ஆனால் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் மாற்றினார்கள். உங்க ஊர் எது, எங்க ஊர் இது, ராகி எப்படி, மஞ்சள் எப்படி என்று அந்தக் கம்பைச் சுற்றி ஒரு சந்தையே நடந்தது. பசவனும் பிடித்தான். என் வேலையாளாக இல்லை, புதுச் சட்டை போட்ட விருந்தாளியாகப் பிடித்தான்.

நீங்கள் வாக்குச் சொல்ல ஆரம்பித்தபோது தூறல் விழுந்தது. நான் வானத்தைப் பார்த்தேன், நஞ்சன்கூடு பக்கம் கருகருவென்று வந்துகொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் படபடவென்று சத்தம். திரும்பினேன். அந்தப் பாறைப் படிகள் முழுக்கக் குடைகள் விரிந்தன. கறுப்பு, சிவப்பு, பூப்போட்டது, கம்பி ஒடிந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது, எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு அடியிலிருந்து மேல் வரைக்கும் ஏறி நின்றன. ஒரு முளை இல்லை, ஒரு கயிறு இல்லை. என் ஆயுசில் அப்படி ஒரு பந்தலை நான் போட்டதில்லை, இனிமேலும் போடப்போவதில்லை. எல்லாரும் குடையோடு வந்திருந்தார்கள். நான் ஒருத்தன்தான் லாரியோடு வந்திருந்தேன். மஞ்சுவின் அம்மா, "பன்னி, பீகரே" என்று, வாங்க சம்பந்தி என்பதைக் கன்னடத்தில் சொல்லி என்னைக் கூப்பிட்டுத் தன் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்தார்கள்.

மழைச் சத்தத்திலும் நீங்கள் இருவரும் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அதை இங்கே திருப்பி எழுதப்போவதில்லை. சொன்னவர்களுக்கு ஞாபகம் இருந்தால் போதும்.

தாலியை மஞ்சு கையில் எடுத்தான். அப்போதுதான் காற்று வந்தது. குவாரிக்குள் இறங்கிய காற்று வெளியே போக வழி தெரியாமல் சுழன்றது. காலின் உச்சியில் கட்டிய மாவிலைக் கொத்து ஒரு பக்கமாக இழுத்தது. அந்த நேரத்துக்குக் காலைப் பிடித்திருந்தது மறுபடியும் மாமாவும், கூட மஞ்சுவின் அப்பாவும். இரண்டு பேரும் வயசானவர்கள், ஈரப் பாறை, வழுக்குகிறது. கால் சாய்ந்தது. "மச்சான்!" என்று மாமா கத்தினார். நான் எழுந்துவிட்டேன். என்னால் உட்கார முடியுமா? சாய்கிற காலைத் தாங்குவதைத் தவிர இந்த உடம்புக்கு வேறு என்ன தெரியும்? ஒரு படி இறங்கினேன்.

"அப்பா, உக்காருங்க."

நீ திரும்பக்கூட இல்லை. கத்தவும் இல்லை. தமிழில் சொன்னாய். உனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. கால் விழுந்தால் எழுந்து வந்துவிடுவேன் என்று வாய்விட்டுச் சொன்னவள் நீ, சொன்னால் செய்கிறவள். அப்படியிருந்தும், அதைத் தாங்கத் தெரிந்த ஒரே ஆளை உட்காரச் சொல்கிறாய். நான் உட்கார்ந்தேன், கண்ணு. பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதைவிடக் கஷ்டமான ஒரு காரியத்தை நான் செய்ததில்லை.

வேறு யாரையும் யாரும் கூப்பிடவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் குடையைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். பூக்காரர், உன் லேப் சிநேகிதிகள், மஞ்சுவின் சித்தி, நாடகக்காரர்கள், யார் கை எது என்று தெரியாமல் அந்தக் கம்பைச் சுற்றி அடுக்கடுக்காகக் கைகள். சாய்ந்த கால் அங்குலம் அங்குலமாக நிமிர்ந்தது. அத்தனை ஜனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைப் பார்த்தது. உன் அம்மாகூட அதைத்தான் பார்த்தாள். நான் மட்டும் பார்க்கவில்லை. பார்க்கோணும் என்று நீ சொன்னதை நான் பார்த்தேன். மழைத்தண்ணீர் உன் நெற்றியில் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. மஞ்சுவின் ஈர விரல்களில் முடிச்சு முதலில் வழுக்கியது, அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பப் போட்டான். நீ கண்ணை மூடினாய். மூடிய கண்ணோடு சிரித்தாய். ஓ, இதுதானா, இதற்காகத்தானா ஊரெல்லாம் இத்தனை பந்தல் போட்டேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். மஞ்சுவின் அம்மா குடையை முழுசாக என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

"கால் உழுகுல அம்முணி! உழுகுல!" என்று மாமா சிறு பிள்ளை மாதிரிக் கூவியது உனக்கே ஞாபகம் இருக்கும். தாலி ஏறி, மழை பாதி விட்ட பிறகும் அவர்கள் அந்தக் காலை விடவில்லை. விடலாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நீயே போய் ஒவ்வொரு கையாகத் தொட்டு எடுத்துவிட்டாய்.

அப்புறம் சாப்பாடு. வீட்டுக்கொரு சமையல் என்று நீ எழுதினாயே தவிர, எந்த வீட்டுக்கு எது என்று எழுதவில்லை. அத்தனை திட்டம் போட்டவள் அங்கேதான் கோட்டைவிட்டாய். பயணத்துக்குக் கெடாது என்று எல்லாருக்கும் ஒரே புத்தி. எந்தத் தூக்கைத் திறந்தாலும் புளியோதரை. மேல்கோட்டைக்காரச் சிநேகிதி கொண்டுவந்ததுதான் முதல் இடம் என்று நாடகக்காரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள், உன் அம்மாவுக்கு இன்னும் அந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை. ஆனால் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

புத்திமதி வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் கை கேட்கவில்லை. என் தொழிலில் இருந்து ஒன்றே ஒன்று. பந்தல் துணியில் மழைத்தண்ணீர் தேங்கினால் உடனே கீழிருந்து கம்பால் தள்ளி வடித்துவிட வேண்டும். கொஞ்சம்தானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அந்தக் கனமே பந்தலைக் கீழே இழுத்துவிடும். மஞ்சுவோடு மனஸ்தாபம் வந்தால் அன்றன்றைக்கே வடித்துவிடு. கன்னடத்தில் திட்டிவிட்டுத் தமிழில் சமாதானமாகிவிடு. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும், நான்தான் இப்போது தெரிந்துகொண்டிருக்கிறேன்.

போன முகூர்த்தத்துக்கு ஹெப்பாளில் ஒரு தமிழர் வீட்டுக் கல்யாணம். பந்தல் நம்முடையது. நாதஸ்வரம் வேகம் எடுக்கும்போது பசவன் ஜெனரேட்டர் பக்கம் போனான், நானும் எழுந்தேன், அப்புறம் என்ன நினைத்தேனோ, கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நம் நாற்காலி இவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் கொள்ளேகாலத்துப் பெரியவர் ஒருவர். "நீங்க மாப்ள ஊட்டுச் சனமுங்களா, பொண்ணு ஊட்டுச் சனமுங்களா?" என்று கேட்டார்.

"பந்தக்காரனுங்க" என்றேன்.

அவர் மேலே அண்ணாந்து பார்த்தார். "ஜோராத்தான் போட்டிருக்கறீங்க. உங்க ஊட்டுல கல்யாணம் காச்சி ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"போன மாசந்தான் எம் பொண்ணுக்கு ஆச்சுங்க."

"அப்பிடியா! பந்தல் ஊரடச்சுப் போட்டிருப்பீங்களே?"

"இல்லீங்க. பந்தலே போடுல."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல வேளை, மழ கிழ வல்லியாக்கும்?"

"வந்துச்சுங்க. நல்ல மழை, காத்தோட."

"அடக் கெரகமே! பந்தக்காரரு மக கல்யாணத்துக்குப் பந்தல் இல்ல, மழையும் வந்துச்சா? அப்பறம் என்னாச்சு?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. நான் அவர் தோளில் கை வைத்தேன்.

"இருங்க, தாலி கட்டறாங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

உன் அப்பா